முக்கால் ஹெச்.பி மோட்டாரும் ஒரு கேமிங் கம்ப்யூட்டரும்

அம்பத்தூரில் இருக்கும் அந்த வீட்டின் பீரோ மேல் ஓர் அட்டைப்பெட்டி இரண்டரை வருடங்களாகக் கிடந்தது. அக்காவின் முகூர்த்தப் புடவை வந்த பெட்டி. உள்ளே ஒரு கருகிய மதர்போர்டு, ஒரு ஹார்டு டிஸ்க், இரண்டு ரேம் ஸ்டிக். ஒவ்வொரு போகிக்கும் அம்மா அதைத் தூக்கிப் போடச் சொல்வார். ஒவ்வொரு போகிக்கும் அவன், "இருக்கட்டும்மா" என்பான்.

அது அவனுடைய முதல் கம்ப்யூட்டரின் மிச்சம். 2021-ல் கல்லூரியின் ஆன்லைன் வகுப்புக்காக அப்பா வாங்கிக் கொடுத்தது. அப்பாவுக்கு எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. கம்பெனியில் அட்வான்ஸ் கேட்டு வாங்கிய பணம். கடைக்காரர், "கேபினட் வாங்கினா எஸ்.எம்.பி.எஸ் ஃப்ரீ சார்" என்றார். ஃப்ரீ என்ற வார்த்தையில் அன்றைக்கு இரண்டு பேருக்கும் சந்தோஷம். கரன்ட்டை மதர்போர்டுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற டப்பாதான் எஸ்.எம்.பி.எஸ். அதன் ஸ்டிக்கரில் 450 வாட்ஸ் என்று போட்டிருந்தது. தூக்கிப் பார்த்தால் காலி டிபன் பாக்ஸ் மாதிரி லேசாக இருந்தது.

2023 மே மாதம் ஓர் இரவு, கரன்ட் போய்த் திரும்பி வந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம். அறை முழுக்கக் கருகல் வாடை. எஸ்.எம்.பி.எஸ் மட்டும் சாகவில்லை. மதர்போர்டு, புராசஸர், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் கூடவே கூட்டிக்கொண்டு போனது.

ஹார்டு டிஸ்க்கில்தான் அக்காவின் கல்யாண வீடியோ இருந்தது. 2022 பிப்ரவரியில் நடந்த கல்யாணம். வீடியோக்காரர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்ததை இதில் காப்பி செய்துவிட்டு, அந்தப் பென் டிரைவில் அப்பாவுக்குப் பழைய பாட்டுகளை ஏற்றியிருந்தான். ஸ்டூடியோவில் கேட்டால், ஆறு மாதத்துக்கு மேல் எதையும் வைத்துக்கொள்வதில்லை என்றார்கள். டேட்டாவை மீட்டுத் தர ஓரிடத்தில் 25,000 ரூபாய் கேட்டார்கள். கிடைக்கும் என்று உத்தரவாதமும் இல்லை. அக்கா திருச்சியிலிருந்து போனில், "ஆல்பம்தான் இருக்குல்லடா, விடு" என்றாள். ஆல்பத்தில் தாத்தா நிற்கிறார். வீடியோவில்தான் தாத்தா பேசினார். அந்த வருடக் கடைசியில் தாத்தா போய்விட்டார்.

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் கம்ப்யூட்டர் என்ற பேச்சை எடுக்கவில்லை.

2025 ஆகஸ்டில் அவன்தான் எடுத்தான். இப்போது வயது 22. மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் நைட் ஷிப்ட். மாதம் 7,500 என்று எடுத்து வைத்ததில் 90,000 ரூபாய் சேர்ந்திருந்தது. தீபாவளி போனஸோடு சேர்த்தால் 1,20,000 வந்துவிடும். பள்ளி நண்பர்கள் மூன்று பேரில் ஒருவன் ஓசூரில், ஒருவன் துபாயில், ஒருவன் அயர்லாந்தில். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மூவரும் ஏதாவது ஒரு கேமில் சந்திப்பார்கள். இவன் மட்டும் போனில் இயர்போன் மாட்டிக்கொண்டு அவர்கள் விளையாடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னான். அப்பா ரசம் ஊற்றிப் பிசைந்து முடிக்கிறவரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்னென்ன வாங்கப்போற, எதுக்கு வாங்கப்போறன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டு. எனக்குப் புரியணும். புரிஞ்சா வாங்கு. 1,20,000-க்கு மேல ஒரு ரூபா கிடையாது. நவம்பர்லேருந்து அந்த 7,500 வீட்டுக் கடனுக்கு வரணும்" என்றார்.

முதல் பேப்பரை அவன் எழுதியது ஆசையில். அதில் முதல் வரியே ஆர்.டி.எக்ஸ் 5090. என்விடியா 2025 ஜனவரியில் வெளியிட்ட கிராஃபிக்ஸ் கார்டு. அமெரிக்காவில் அறிவித்த விலையே 1,999 டாலர். இங்கே அந்த ஒரு கார்டு மட்டும் இரண்டு லட்சத்தைத் தாண்டும். வாங்க முடியாது என்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும், 'இதுதான் உச்சம், இதிலிருந்து இறங்கி வருவோம்' என்று ஒரு கணக்கு. கேமிங் கம்ப்யூட்டர் பிளான் போடும் பலரும் இப்படித்தான் மாடியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

அப்பா விலையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் எழுதியிருந்த 575 வாட்ஸ் என்பதைப் பார்த்தார்.

"டேய், 746 வாட்ஸ்தான் ஒரு ஹெச்.பி. அப்போ இது முக்கால் ஹெச்.பி மோட்டாருடா. இதை ரூமுக்குள்ள வெச்சு ஓட்டப்போறியா?"

"மோட்டார் இல்லப்பா, இது சுத்தாது."

"சுத்தலைன்னா அவ்வளவு கரன்ட்டும் எங்க போகுது?"

அவனுக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. அவ்வளவும் சூடாகத்தான் போகும். அறைக்குள்தான் போகும். நைட் ஷிப்ட்காரன் விளையாடப்போவது பகலில். மே மாத அம்பத்தூரில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மாடி அறையில்.

அப்பா அடுத்து இ.பி கார்டை எடுத்தார். இரண்டு மாதத்துக்குச் சராசரி 420 யூனிட். மொத்தக் கம்ப்யூட்டரும் 750 வாட்ஸ் இழுத்தால், தினம் மூன்று மணி நேரத்துக்கு இரண்டேகால் யூனிட். அறுபது நாளைக்கு 135. மொத்தம் 555. தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் 500-ஐத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறிவிடும். "350 வாட்ஸுக்குள்ள முடி. 63 யூனிட் வரும். 483-ல நின்னுடும்" என்றார். ஹை-எண்ட் கம்ப்யூட்டருக்கு பட்ஜெட் போடுகிற எத்தனை பேர் மின் கட்டணத்தை அந்தப் பேப்பரில் எழுதுகிறார்கள் என்று தெரியவில்லை. அந்த வீட்டில் அதுதான் முதலில் எழுதப்பட்டது.

இரண்டாவது பேப்பரை அவன் தலைகீழாக எழுதினான். கார்டிலிருந்து ஆரம்பிக்காமல் மானிட்டரிலிருந்து.

இது நிஜமாகவே சரியான வழி. திரை என்பது புள்ளிகள். சாதாரண ஃபுல் ஹெச்.டி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440 என்று சொல்லப்படும் திரையில் 36.9 லட்சம். 4கே-யில் 82.9 லட்சம். கேம் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை புள்ளிகளையும் வரைய வேண்டும். செகண்டுக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட். 144 படம் என்றால் 6.9 மில்லி செகண்ட்தான். என்ன திரை, செகண்டுக்கு எத்தனை படம் என்று முடிவு செய்யாமல் கார்டு வாங்குவது, ஜன்னலை அளக்காமல் திரைச்சீலை தைப்பது போலத்தான். இது அம்மா சொன்ன உதாரணம். அவர் வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவர்.

அப்பா தன் பாஷையில் புரிந்துகொண்டார். "பீஸ் பெருசானா, மணிக்கு எத்தனை பீஸ்ங்கறது குறையும். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். 27 இன்ச், 1440, செகண்டுக்கு 180 படம் வரை காட்டும் மானிட்டர் என்று முடிவானது. அதற்கு ஏற்ற கார்டைத் தேடியபோது, ஏ.எம்.டி 2025 ஜூனில் கொண்டுவந்த ஆர்.எக்ஸ் 9060 எக்ஸ்.டி சிக்கியது. 16 ஜி.பி மெமரி. 160 வாட்ஸ்தான். எல்லா கேமையும் எல்லா செட்டிங்கையும் உச்சத்தில் வைத்து 180-ஐத் தொட முடியாது. ஆனால், குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்.எஸ்.ஆர் வசதி உண்டு. இதில் ஒரு பொறி இருக்கிறது. இதே கார்டு இதே பெயரில் 8 ஜி.பி-யிலும் வருகிறது. பெட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான். விலை குறைவாகத் தெரிந்தால், முதலில் பெட்டியின் மூலையில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும்.

நடுவில் ஒரு சபலமும் வந்தது. யாரோ பயன்படுத்திய ஆர்.டி.எக்ஸ் 3080 ஒன்று 28,000 ரூபாய்க்கு. 2020-ல் வந்தபோது எல்லோரும் ஏங்கிய கார்டு. 2021-ல் கிரிப்டோ சுரங்கக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனதால், கடைகளில் கார்டு கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. அவனுடைய முதல் கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டே இல்லாமல் போனதற்கும் அதுதான் காரணம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், சுரங்கத்தில் இரவு பகலாக உழைத்த கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. இது அதில் ஒன்றா, இல்லையா? பில் இல்லை, வாரன்ட்டி இல்லை.

அப்பா கேட்டார்: "பழைய லேத் வாங்கும்போது பெட்டைத் தடவிப் பாத்தா தேய்மானம் தெரிஞ்சிடும். இதுல எதைத் தடவிப் பாக்கறது?"

அந்த வரியும் அடிக்கப்பட்டது.

மூன்றாவது பேப்பரில்தான் சண்டை வந்தது. கார்டு, மானிட்டர், ரைசன் 5 7600 புராசஸர், அதற்கேற்ற மதர்போர்டு, 32 ஜி.பி டிடிஆர்5 ரேம் என்று எழுதிக்கொண்டே வந்தவன், கடைசியில் பணம் இடித்ததால் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு 2,800 ரூபாய் என்று எழுதியிருந்தான். கண்ணாடிக் கதவும் கலர் கலராக எரியும் ஃபேன்களும் உள்ள கேபினட்டுக்கு 7,500.

அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, பீரோ மேலிருந்த பெட்டியைக் காட்டினார். பேசவில்லை.

அவன் அன்று நாள் முழுவதும் எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பற்றியே படித்தான். நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸில், வோல்டேஜ் ஏறினாலோ, அளவுக்கு மீறி கரன்ட் இழுத்தாலோ தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு இருக்கும். மலிவானதில் முதலில் வெட்டப்படுவது அதுதான். '80 பிளஸ் கோல்டு' போன்ற முத்திரை, வாங்குகிற கரன்ட்டில் எவ்வளவை வீணாக்காமல் உள்ளே அனுப்புகிறது என்பதற்கான அளவு. ஸ்டிக்கரில் உள்ள வாட்ஸ் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நம்ம வீட்டு எம்.சி.பி மாதிரி ட்ரிப் ஆகணும், அதானே? அது இல்லாமயா அன்னிக்கு வித்தான்?" என்றார். இரண்டு வருடங்களாக அவர் அந்த இரவைப் பற்றிப் பேசியதே இல்லை.

650 வாட்ஸ், கோல்டு, 7,200 ரூபாய் என்று எழுதினான். கண்ணாடி கேபினட் போய், முன்பக்கம் முழுக்க சல்லடை மாதிரி வலை போட்ட கேபினட் வந்தது. காற்று உள்ளே போகாத அழகு, அம்பத்தூர் வெயிலில் அலங்காரம் செய்த அடுப்புதான்.

இந்த இடத்தில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை.

செப்டம்பரில் ஜி.எஸ்.டி குறையப்போகிறது என்று செய்தி. எல்லாம் விலை இறங்கும் என்று ஆபீஸில் பேச்சு. செப்டம்பர் 22 வரை காத்திருந்தான். 28 சதவிகிதத்திலிருந்து 18-க்கு இறங்கியது 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி, பெரிய மானிட்டர் போன்றவற்றுக்கு. அவன் பேப்பரில் இருந்த அத்தனை பொருளும் ஏற்கெனவே 18 சதவிகிதத்தில்தான் இருந்தன. ஒரு பைசா குறையவில்லை. அடுத்து தீபாவளி ஆஃபர். அதன் பிறகு, 'புது கேமுக்கு இது போதுமா' என்ற யோசனை. ஜி.டி.ஏ 6 வரும்போது இந்தக் கார்டு தாங்குமா என்று நவம்பரில் இரண்டு வாரம் போனது. அந்த கேம் 2026 நவம்பர் 19-க்குத் தள்ளிப்போனதாக அதே மாதம்தான் அறிவித்தார்கள். அதுவும் பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும். கம்ப்யூட்டருக்கு எப்போது என்று ஒரு வார்த்தை இல்லை. வெளிவராத கேமுக்காக, வாங்காத கார்டைப் பற்றி ஒருவன் தூக்கம் கெட்டது உண்மையில் நடந்தது.

பேப்பர்கள் பதினாறு ஆகிவிட்டன. ஒவ்வொன்றும் முந்தையதைவிட அழகு. விலை மட்டும் அவன் பேப்பரைப் பார்த்து நடந்துகொள்ளவில்லை.

ரேம்தான் முதலில் கையை மீறியது. ஆகஸ்டில் 32 ஜி.பி டிடிஆர்5 ஜோடிக்கு அவன் எழுதியிருந்த விலை 9,800. நவம்பர் நடுவில் அதே ஜோடிக்கு 19,000. டிசம்பர் முதல் வாரம் போனில் கேட்டபோது, "28,000 தம்பி, நாளைக்கு வந்தா நாளைக்கு ரேட்" என்றார் கடைக்காரர்.

உலகத்தில் ரேம் சிப் தயாரிப்பின் பெரும்பங்கு சாம்சங், எஸ்.கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகளின் கையில் இருக்கிறது. ஏ.ஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரிக்கு அதிக லாபம். தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பின. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான ரேம் அருகிப்போனது. டிசம்பர் 3-ம் தேதி, க்ரூஷியல் என்ற பெயரில் கடைகளில் ரேமும் எஸ்.எஸ்.டி-யும் விற்றுவந்த தொழிலையே விட்டு விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. அதே நாளையொட்டி டாலரின் விலையும் 90 ரூபாயைத் தாண்டியது. 2021-ல் கிரிப்டோ, 2025-ல் ஏ.ஐ. இந்தப் பையன் கம்ப்யூட்டர் வாங்க நினைக்கும்போதெல்லாம், உலகத்தில் யாரோ பெரிய மனிதர்களுக்கும் அதே பொருள் தேவைப்பட்டுவிடுகிறது.

பதினாறாவது பேப்பரின் மொத்தம் இப்போது 1,20,000-ஐத் தாண்டிப் பதினைந்தாயிரம் போயிருந்தது. எதை வெட்டுவது? கை தானாக எஸ்.எம்.பி.எஸ் வரிக்குப் போனது. போய், நின்றது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் பேப்பரைக் கொடுத்துவிட்டு, "முடியாதுப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இந்த ரேம்ங்கறது என்னடா சைஸு?"

"சின்னதுதாம்பா. ஸ்கேல் மாதிரி, விரல் நீளத்துக்கு."

"அந்த டப்பாவுல ரெண்டு கிடக்குமே, அதுவா?"

அது டிடிஆர்4. பழைய ரகம். அவன் எழுதியிருந்த மதர்போர்டில் உட்காராது, பள்ளமே வேறு இடத்தில் இருக்கும். அதைச் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திவிட்டான். மதர்போர்டை மாற்றினால் உட்காரும். ஏ.எம்.டி-யின் முந்தைய தலைமுறையான ஏ.எம்4 போர்டுகள் இன்னமும் கடையில் கிடைக்கின்றன. அதில் ரைசன் 7 5700எக்ஸ் போடலாம். 2022-ல் வந்த புராசஸர், எட்டு கோர், 65 வாட்ஸ். புதிய புராசஸரைவிட சில கேம்களில் பின்தங்கும், மறுக்க முடியாது. ஆனால், 1440 திரையில் பெரும்பாலும் பாரம் கார்டின் தலையில்தான் விழும். பின்னால் புராசஸரை மட்டும் மாற்றிப் பெரிதாக மேலே போக வழி இல்லை, அந்தத் தெரு அத்துடன் முடிகிறது. அது ஒரு நிஜமான இழப்பு. பதிலாக, ரேம் என்ற வரியில் பூஜ்யம் என்று எழுதலாம்.

அந்த இரண்டு ஸ்டிக்கும் உயிரோடு இருந்தால்.

மறுநாள் அவற்றை ஒரு டப்பாவில் போட்டு ஆபீஸ் நண்பன் வீட்டுக்கு எடுத்துப்போனான். தங்க நிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, நண்பனின் கம்ப்யூட்டரில் மாட்டி, மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓடவிட்டான். ஷிப்ட் முடிந்து அதிகாலை நான்கு மணிக்கு நண்பனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. எரர் என்ற இடத்தில் 0. ஒரு வெடிப்பில் எல்லாம் போய், 16 ஜி.பி ரேம் மட்டும் எப்படித் தப்பியது என்பதற்கு அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை.

பதினேழாவது பேப்பரை அவன் பஸ்ஸிலேயே எழுதினான். புராசஸர் 14,500. மதர்போர்டு 9,500. கார்டு 37,500. மானிட்டர் 18,500. எஸ்.எஸ்.டி, புராசஸர் கூலர், வலை கேபினட், அந்த 7,200 ரூபாய் எஸ்.எம்.பி.எஸ், எல்லாம் போக இடம் இருந்தது. அதில் இரண்டு வரிகள் புதிதாக ஏறின. ஒரு யு.பி.எஸ். ஒரு 2 டி.பி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். மொத்தம் 1,13,600.

அப்பா படித்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல், "சனிக்கிழமை நானும் வரேன்" என்றார்.

ரிச்சி ஸ்ட்ரீட் சனிக்கிழமைகளில் எப்படி இருக்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும். மவுன்ட் ரோட்டிலிருந்து திரும்பியதுமே கேபிள், சார்ஜர், சி.சி.டி.வி, "சார் என்ன வேணும்" என்ற குரல்கள். அப்பா ஒவ்வொரு கடையிலும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைக் கையில் தூக்கி எடை பார்த்தார். ஒரு கடையில், "850 வாட்ஸ் எடுத்துக்கோங்க சார், சேஃப்டி" என்றார்கள். அப்பா, "லோடு 350 தாண்டாது. 650 எதுக்குன்னு நானே யோசிக்கறேன்" என்றதும் அந்தப் பையன் சிரித்துவிட்டான். பில் போடாமல் வாங்கினால் குறைத்துத் தருவதாக ஓரிடத்தில் ஆசை காட்டினார்கள். பில் இல்லாவிட்டால் மூன்று வருட வாரன்ட்டிக்கு எதைக் காட்டுவது? நகர்ந்துவிட்டார்கள். வாங்கிய கடையில், பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றா என்று அப்பா விரல் வைத்துப் படித்துச் சரிபார்த்தார். கார்டின் பெட்டி மூலையில் 16 என்று இருப்பதை அவன் இரண்டு தடவை பார்த்தான்.

ஞாயிறு மதியம் ஹாலில் பாய் விரித்து வேலை ஆரம்பித்தது. அப்பா ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தார். "இறுக்காத. போர்டு விரிசல் விடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ராத்திரி எட்டரைக்கு எல்லாம் மாட்டி முடித்து, பவர் பட்டனை அழுத்தினான்.

ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

அணைத்து, ரேமைக் கழற்றி மாட்டினான். கறுப்பு. கார்டைக் கழற்றி மாட்டினான். கறுப்பு. ஒன்பதரை ஆனது. அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டு, மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. அவனுக்கு உள்ளங்கை வியர்த்தது. பீரோ மேல் இருந்த பெட்டியைப் பார்க்காமல் இருக்க முயன்றான். ரேமில் மெதுவாக ஏதாவது சேதம் இருந்திருக்குமா? ஓர் இரவு சோதித்தது போதாதா?

அப்பா கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்த வயரு மேல இருக்கற ஓட்டையில போயிருக்கு. இதே மாதிரி ஓட்டை கீழ கார்டுலயும் இருக்கே. படம் வரையறது கார்டுன்னுதானே சொன்ன?"

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகியிருந்தான். 5700எக்ஸ் புராசஸருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. அந்த ஓட்டையில் எதுவும் வராது. முதல் தடவை கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் ஏராளமானவர்கள் செய்கிற தப்பு. பதினேழு பேப்பர் எழுதியவனும் செய்தான். கேபிளை மாற்றியதும் திரை விழித்துக்கொண்டது. அப்பா, "ம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது. பதினேழு பேப்பரிலும் விண்டோஸ் என்ற வரியே இல்லை. லைசென்ஸ் வாங்க, மிச்சமிருந்த 6,400 போதவில்லை. அம்மா தன் சீட்டுப் பணத்திலிருந்து மீதியைக் கொடுத்து, "இதை அந்தப் பேப்பர்ல எழுதாத" என்றார். மானிட்டரும் ஒரு வாரம் 60-லேயே ஓடிக்கொண்டிருந்தது. செட்டிங்கில் போய் 180 என்று மாற்ற வேண்டும் என்று அயர்லாந்து நண்பன் சொன்ன பிறகுதான், கொடுத்த காசு கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான்கு பேரும் விளையாடினார்கள். அவன் முதல் மூன்று ஆட்டத்திலும் முதல் நிமிடத்திலேயே செத்தான்.

ஜனவரியில் போகி வந்தது. கருகிய மதர்போர்டை, மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிட்டான். ஹார்டு டிஸ்க்கை மட்டும் கொடுக்கவில்லை. பெட்டியில் இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது. அம்மாவும் இந்தத் தடவை கேட்கவில்லை.

பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். அதற்கு முன்பே அவன் சித்தி, பெரியப்பா, மாமா என்று எல்லோரிடமும் கேட்டு, அந்தக் கல்யாணத்தில் யார் யார் போனில் எடுத்த வீடியோக்கள் இருக்கின்றனவோ அத்தனையும் வாங்கியிருந்தான். பதினொரு துண்டுகள் கிடைத்தன. வாட்ஸ்அப்பில் சுருங்கி, கலங்கி, சிலது குறுக்கும் நெடுக்குமாக. ஒன்பதாவது துண்டில், சித்தியின் பையன் சாப்பாட்டுப் பந்தியை எடுத்துக்கொண்டே போகிறான். ஓரத்தில் தாத்தா யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். முதுகுதான் தெரிகிறது. குரல் கேட்கிறது. "பாயசம் இன்னொரு தடவை கொண்டாரச் சொல்லு" என்கிறார்.

அக்கா அதைத் திரும்பத் திரும்ப ஓடவிடச் சொன்னாள். கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, அக்காவிடம் கொடுத்தனுப்ப ஒரு பென் டிரைவில் ஒன்று.

நான்காவது தடவை ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா எழுந்து போனார். டக் என்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது. டியூப் லைட் அணைந்தது. வாசலில் இருக்கும் மெயினை அவரே கீழே இறக்கியிருந்தார்.

யு.பி.எஸ் பீப் பீப் என்றது. இருட்டில் திரை மட்டும் எரிந்தது. தாத்தா பாயசம் கேட்டு முடித்தார்.

அப்பா அறை வாசலில் வந்து நின்று பார்த்தார். பிறகு போய் மெயினை மேலே தள்ளிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.